கூலிக்கு ஒரு பொய்

தொங்கல் காம்பராவில் இருந்தவர் சங்கிலிமுத்து.
செக்ரோலில் கான்வெட்டு என்று பேர் விழும்,
கான் வெட்டி யாரும் பார்த்ததில்லை.
மழைக்குப் படங்குச் சாக்கைத் தலையில் கவிழ்ப்பார்,
வெயிலுக்கும் அதையே.
இடுப்பில் சைக்கிள் டியூப்.
டியூபில் குறடு, கட்டுக்கம்பி, பாதி மெழுகுவர்த்தி,
எப்போதும் ஒரு கரண்டி.

கரண்டி எதுக்கு என்றால்
"சோறு கெடச்சா?" என்பார்.

தகரம் பறந்தால்,
பீலியில் தண்ணீர் நின்றால்,
ரேடியோ சிங்களத்தில் மட்டும் பேசினால்
அவரைத்தான் கூப்பிடுவோம்.
வந்ததும் திட்டுவார்.
பொருளை, அதை விற்ற தலவாக்கலைக் கடைக்காரனை,
அவன் மாமனாரை.
பிறகு காதை வைத்துக் கேட்பார்,
டாக்டர் மாதிரி இல்லை,
சுவர் வழியே ஒட்டுக்கேட்கும் பக்கத்துக் காம்பராக்காரி மாதிரி.

காசு வாங்கமாட்டார்.
தேத்தண்ணியும் வேண்டாம்.
"ஒரு பொய் சொல்லு. நான் கேக்காததா இருக்கணும்."

அம்மா சொன்னாள்:
"நேத்து ராத்திரி காட்டுப்பன்னி வந்து
கதவத் தட்டி உப்பு கேட்டுச்சு."
தலையாட்டினார். எங்கள் குடை விரிந்தது.
பெரிய கங்காணியின் மீசை
நடுச்சாமத்தில் கழன்று எழுந்து
தண்ணி குடிக்கப் போகும் என்றாள் செம்பாயி.
அதற்கு ரேடியோவோடு ஒரு குப்பிலாம்பும் சேர்த்துப் பார்த்துக்கொடுத்தார்.

கணக்கப்பிள்ளை
பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார் ஒரு நாள்.
யோசித்தார். தொப்பியைக் கழற்றினார்.
"அடுத்த மாசம் சம்பளம் கூடுது."
சங்கிலிமுத்து குறட்டைத் துடைத்து டியூபில் செருகினார்.
"இது பழசுங்க ஐயா. எங்கப்பாவே கேட்டிருக்காரு."
பைக்கை மேடு முழுக்கத் தள்ளினார் ஐயா.
பிரட்டுக்களமே பார்த்துக்கொண்டு நின்றது.

வலது கட்டைவிரலை ரோலர் தின்றிருந்தது.
இடக்கையால் மரை வெட்டுவார்.
அவர் பூட்டிய குழாயெல்லாம் எதிர்ப்பக்கம் திறக்கும்.
பன்னிரண்டு காம்பராவுக்கும் பழகிப்போயிற்று.
சுகாதார ஐயா கைகழுவ வந்து
திருகித் திருகிப் பார்த்து
தண்ணீர் வசதி அற்ற லயம் என்று எழுதிக்கொண்டு போனார்.
அதில் எங்களுக்கு இன்னொரு தாங்கி வந்தது.
கொழும்பில் சாப்பாட்டுக்கடை வேலைக்குப் போன முதல் நாள்
குழாயை உடைத்து அறை வாங்கியவன் நான்.

நல்லவர் என்று சொல்லமுடியாது.
அக்கா கல்யாணத்தில் பாட்டு சரியில்லை என்று
ஸ்பீக்கர் வயரை வெட்டினார்.
பிரசவத்துக்குப் போன லொறி பாலத்தில் படுத்தபோது
கோயில் மணியின் நாக்கைக் கழற்றி
எஞ்சினுக்குள் எங்கோ செருகினார்.
பிள்ளை லிந்துலை ஆஸ்பத்திரி வாசலில் பிறந்தது.
மணிராசு என்று பேர்.
மாரியம்மனுக்கு ஆறு மாசம் தகரம் தட்டினோம்.

ஐப்பசி அடைமழையில் சளி முற்றிப் போனார்.
ரோட்டில் மண் சரிந்து
பெட்டி வர மூன்று மணி ஆயிற்று.
அதுவரை பேசினார்கள்.
"யார் மனசையும் நோகடிக்காத மனுசன்" என்றார் தலைவர்.
"பெரிய பக்திமான்" என்றார் பூசாரி, வேறெங்கோ பார்த்து.
பென்ஷன் வாங்கிவிட்ட கணக்கப்பிள்ளை
நனைந்துகொண்டே வந்து நின்றார்.
"ஒரு நாள்கூடக் கான்வெட்டுக்கு வராம இருந்ததில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அம்மா தொடையில் கிள்ளினாள்.
அப்புறம்தான் பிடிபட்டது,
பாக்கி வைத்தவர்கள் எல்லாம்
வரிசையில் வந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

டார்ச்சுக்கு நான் தரவேண்டியது ஒன்று இருந்தது.
முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை.
"போய்ட்டு வாங்க" என்றேன்.
அது கணக்கில் சேருமோ தெரியாது.

புதைத்துவிட்டு இறங்கினோம்.
தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதை, அட்டை,
மூன்றாம் கம்பியில் ஒழுகும் அதே குடை.
அம்மா பாதி வழியில் நின்றாள்.
கால் அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு
மெதுவாகச் சொன்னாள்:

"அந்தப் பன்னி நெசமாவே வந்துச்சுடா."