எட்டில் ஏழு கடல்

இரவு இரண்டு மணிக்கு
உப்புமானி செத்துப்போனது.
பேட்டரி மாற்றினோம், துடைத்தோம், தட்டினோம்.
திரையில் ஒரு கோடுகூட வரவில்லை.
ஹோக்னி தொட்டியில் விரலை விட்டு
நாக்கில் வைத்துப் பார்த்து
"உப்புதான், சுன்வோர்" என்றான்.
அது எனக்கும் தெரியும்.

காலை எட்டுக்கு தும்மாஸ் படகோடு வருவார்.
லிட்டருக்கு முப்பது கிராம் உப்பு இல்லையென்றால்
மீன்களை ஏற்றமாட்டார்.
ஃபாரோ தீவுகளில் படகுக்கூலி
ஏற்றினாலும் உண்டு, வெறுமனே திரும்பினாலும் உண்டு.

தீனிச்சாக்கின் பின்புறத்தில் எழுதினேன்.
நேற்று நண்பகல், இருபது கனமீட்டர் ஆற்றுநீர்.
வால்வைத் திறந்தோம்.
மணிக்கு மூன்று கனமீட்டர் கடல் உள்ளே,
கலந்து நிற்பது எதுவோ, அதில் இரண்டு வெளியே.
வரும் உப்பு ஒழுங்கானது, எண்ணிவிடலாம்.
போகும் உப்புதான் படுத்துகிறது:
இருப்பதைப் பொறுத்துப் போகிறது,
போனதைப் பொறுத்து இருக்கிறது.
இதில் தொட்டி வேறு
மணிக்கு ஒரு கனமீட்டர் வளர்ந்துகொண்டே.

ஆர்ஹூஸில் இரண்டு வருடம் படித்து
பாதியில் கப்பலேறியவள் நான்.
அங்கே விட்டுவந்தவற்றில் இது ஒன்று கூடவே வந்திருக்கிறது,
தொகையீட்டுக் காரணி.
சமன்பாட்டுக்குள் இல்லாத ஆள்.
வெளியிலிருந்து வந்து
இரண்டு பக்கத்தையும் ஒரே அளவில் பெருக்கும்.
சமன் குலையாது.

இங்கே அது நீரின் கன அளவு, அதன் வர்க்கம்.
பெருக்கியதும் இடப்பக்கத்தைப் பார்த்தேன்.
ஓர் உறுப்பில் உப்பு மாறுகிறது, நீர் காத்திருக்கிறது.
அடுத்ததில் நீர் மாறுகிறது, உப்பு காத்திருக்கிறது.
இரண்டும் சேர்ந்தால் ஒரே பெருக்கலின் வகைக்கெழு.
ஒட்டாது என்று நினைத்த இரண்டு
முன்பே ஒன்றாய் இருந்து பிரிந்தவை போல.
தொகையிட்டேன். வகுத்தேன்.
விடை வந்தது: முப்பத்தைந்து.
எந்த நேரத்திலும் முப்பத்தைந்து.
இப்போதும், நாளையும்,
வால்வைத் திறக்காத நேற்றுக் காலையிலும்.

ஹோக்னி எட்டிப் பார்த்தான்.
"அப்படியானால் இது முதலிலிருந்தே கடலா?"

மாறிலியை விட்டிருந்தேன்.
தேர்விலும் அதைத்தான் விட்டேன்,
சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி, மூன்று மதிப்பெண்.
அன்று அது வெறும் எழுத்து.
இன்று அது விடுபட்டால்
பாசி வாசமடித்த அந்த இருபது கனமீட்டர்
இருந்ததே இல்லை என்றாகிறது.
நண்பகலில் உப்பு சுழியம் என்று எழுதினேன்.
மாறிலி வந்தது:
கழித்தல் குறியோடு
இரண்டு லட்சத்து எண்பதாயிரம்.
ஓர் ஓடை பிடித்துவைத்த கடன்.

வந்த காரணியை வகுத்து அனுப்பியாயிற்று.
ஆனாலும் முழுதாய்ப் போகவில்லை,
மாறிலியின் கீழே போய் நின்றுகொண்டது.
மணிக்கு மணி தான் பெருத்து
அந்தக் கடனைச் சிறிதாக்கிக்கொண்டிருக்கிறது.
தீர்த்துவிடாது. சிறிதாக்கும், அவ்வளவுதான்.

இருபதாவது மணி. தொட்டி இரட்டிப்பாகும்.
இரண்டின் கனம் எட்டு.
எட்டில் ஏழு பங்கு கடல், ஒரு பங்கு ஓடை.
முப்பது புள்ளி ஆறு.
"ஏற்றலாம்" என்றேன்.
ஹோக்னி மறுபடி விரலை நக்கிப் பார்த்து
ஆமோதிப்பது போலத் தலையாட்டினான்.

தண்ணீருக்கடியில் ஆயிரக்கணக்கில்
புள்ளிகள் உதிர்ந்து வெள்ளியாகும் குஞ்சுகள்.
எந்த நிமிடத்தில் ஆறு முடிந்தது என்று
அவற்றைக் கேட்டால் தெரியாது.

எட்டு மணிக்கு தும்மாஸ் தன் மானியை இறக்கினார்.
முப்பது புள்ளி நான்கு.
"போதும், குழாயைப் போடுங்கள்."

போதும்தான். எனக்குப் போதவில்லை.
அந்தப் புள்ளி இரண்டு எங்கே போனது?
சாக்கைத் திருப்பித் திருப்பிச் சரிபார்த்தேன்,
குறிகள் சரி, வர்க்கம் சரி, மாறிலி சரி.
கடைசிக் குஞ்சும் குழாயில் போனபிறகு
பிடரியில் ஏதோ சில்லிட்டது.
நிமிர்ந்தேன்.
மூன்று வாரமாய் ஹோக்னி அடைக்கிறேன் அடைக்கிறேன் என்ற
கூரை ஓட்டை.
இரவெல்லாம், ஒரு சொல்லும் இல்லாமல்,
சமன்பாட்டில் இடம் கேட்காமல்
மழை.