கண்கொத்தி

முதலில் தலையைப் பார்க்கச் சொல்வேன், போனில்.
யாரும் பார்ப்பதில்லை.
"நீளம் மேடம், ரொம்ப நீளம்."
பயந்தவர் கையில் அளவுகோல் எப்போதும்
இரண்டு மீட்டரில்தான் தொடங்கும்.

ஞாயிறு, பதினொன்றரை மணி.
சாட்ஸ்வர்த் ஏழாம் யூனிட்.
பூபாலன் மூட்லி, முன்னாள் பஸ் டிரைவர்,
சமையலறை ஜன்னலில் பச்சை மாம்பா என்றார்.
"புள்ளி இருக்கா அங்கிள்?"
"புள்ளியெல்லாம் யாரும்மா பாத்தா, சீக்கிரம் வா."

பிரியாணியைப் பாதியில் மூடிவைத்தேன்.
கொக்கி, வாளி, கண்ணாடி.
ஹிக்கின்சன் ஹைவேயில் இறங்கும்போதே மறுபடி அழைப்பு:
"வராதே. முடிச்சாச்சு."

போனேன்.

குப்பை அள்ளும் தட்டில் கிடந்தது.
துடைப்பக்கட்டை இன்னும் அவர் கையில்.
மண்டியிட்டு, வாசிப்பதைப் போல, மெல்லப் பார்த்தேன்.
கழுத்திலிருந்து பாதி உடம்பு வரைக்கும்
பேனாவை உதறியது போல் கறுப்புப் புள்ளிகள்.
வால் பக்கம் வெண்கலம்.
பெரிய உருண்டைக் கண், அதைச் சுற்றிப் பொன் வளையம்,
அதில் ஜன்னல் இன்னும் திறந்திருந்தது.
வயிற்றில் ஒரு சின்ன மேடு.
பல்லி. ட்யூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருந்தது.
அதற்காகத்தான் வந்திருக்கிறது, வேறெதற்குமில்லை.

"மாம்பாவுக்குப் புள்ளி கிடையாது. இது விஷமில்லாத புதர்ப்பாம்பு."
"பச்சைன்னா கண்கொத்திம்மா. நேரா கண்ணுக்குத்தான் வரும்.
எங்க வீட்ல எப்பவும் அப்படித்தான் பேச்சு."

கண்கொத்தி.
சொல் கப்பலேறி வந்தது.
பாம்பு வரவில்லை.
விரல் பருமனில், கூர்மூக்கோடு, கொடியோடு கொடியாக
ஆற்காட்டு வேலியிலேயே நின்றுவிட்டது
(அதுவும் யார் கண்ணையும் கொத்தியதில்லை).
டர்பனில் இறங்கிய சொல்லோ
கரும்புக்குள் தலைமுறை தலைமுறையாய் அலைந்து
பச்சையாய்க் கண்ட முதல் முதுகில்
ஏறி உட்கார்ந்துகொண்டது.

"இன்னொண்ணு இருக்கு," என்றார் போகிற போக்கில்.
"அது பரவால்ல. பழுப்பு. வீட்டுப்பாம்பு.
வாஷிங் மெஷினுக்குப் பின்னால, மூணு நாளா.
எலி பிடிக்கட்டுமேன்னு விட்டுட்டேன்.
தாண்டித்தான் போறேன் வரேன்."

வீட்டுப்பாம்புக்கு மூக்கிலிருந்து கண் வழியாக
வெளிறிய கோடு ஓடும், விபூதி இழுத்த மாதிரி,
பக்கத்துக்கு இரண்டு.
டார்ச் அடித்தேன்.
கோடு இல்லை.
பழுப்பு மட்டும், அடுக்கி வைத்த ஹோஸ் பைப் போல.
பிறகு பைப் நிமிர்ந்தது.
தொண்டை பிளந்த கொய்யாவின் சிவப்பு,
குறுக்கே கறுப்புப் பட்டைகள், ஒன்று அகலம், மற்றவை ஒல்லி.

"அங்கிள், கண்ணை மூடிக்கிட்டு வெளிய
போங்க" என்பதில் 'போங்க' வருவதற்குள்
என் கண்ணாடியில் இரண்டு தாரை வழிந்தது.
கண்ணுக்குச் சரியான குறி. இரண்டரை மீட்டர் தூரம்.
அளவுகோல் இப்போதுதான் உண்மை சொன்னது.

படமெடுப்பதற்கு நம் வாயில் நல்ல பாம்பு என்று பேர்.
பேரில் ஒன்றும் தப்பில்லை. முகவரிதான் மாறிப்போயிற்று.

வாளியின் மூடியை இறுக்கும்போது
வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திய சிபோங்கிலே
எட்டிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "இம்ஃபெசி.
வெள்ளிக்கிழமையே இவருக்குச் சொன்னேன்."
"சொன்னாதான்," என்றார் மூட்லி.
"ஏதோ சுலுவுல சொன்னா. பாம்பைப் பத்தின்னு நினைக்கல."

வெளிக்குழாயில் கண்ணாடியைக் கழுவினேன்,
இரண்டு தரம், சோப்புப் போட்டு.
பிரியாணி ஆறியிருக்கும்.
வாளிக்குள் ஈரத்துணி தேய்க்கிற சத்தம்.
குழாயை மூடித் திரும்பினால்
மூட்லி தரையில் உட்கார்ந்திருக்கிறார்,
படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு,
தட்டை மடியில் வைத்துக்கொண்டு.
இருபத்துமூன்று, இருபத்துநாலு என்று
எண்ணிக்கொண்டே போய்
வெண்கலம் தொடங்குகிற இடத்தில்
நிறுத்திக்கொண்டார்.