கழிவு போக

தடைக்காலத்தில் ஐஸ் கம்பெனிக்கு மூச்சு நின்றுவிடும்.
விசைப்படகெல்லாம் கரையேறிப் பெயின்ட் குடித்துக் கிடக்கும்.
தங்கச்சிமடத்தில் ஒரே ஒரு தொட்டி மட்டும்
நாட்டுப்படகுக்காரர்களுக்காக ஓடியது.
அதன் சாவி என்னிடம்.
அதனால்தான் ஆன்சிலின் தேடி வந்தாள்.

கையில் ஒரு சட்டை.
சட்டை என்றால் கையில்லை, காலரில்லை.
முன்னால் நாலு பை, முதுகில் நாலு,
பைக்குள் செருக நீலப் பாக்கெட்டுகள்.
சங்கத்தில் இரவல் தந்தார்களாம்.
ஆம்பளை அளவு.
இடுப்பில் ஊக்கு குத்தியிருந்தாள்.
"இத உறைய வைக்கணும்ணே.
நடக்குறதுக்கு முன்னாடி இருபது நிமிசம் போட்டுக்கிட்டா
உடம்பு சூடேற நேரமாகும்."

இருபது கிலோமீட்டர் வேகநடை.
முன்வைத்த முழங்கால் மடங்கக் கூடாது.
ஒரு காலாவது எந்நேரமும் தரையில் இருக்க வேண்டும்,
இல்லாவிட்டால் சிவப்பு அட்டை.
நடப்பதற்கு இத்தனை சட்டமா என்று சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.

ஒன்பது வருசமாக நான் சுமப்பது குளிர்.
ஐம்பது கிலோ பார், அடியில் மடித்த சாக்கு.
சாக்கு நழுவினால் தோலைச் சுடும்,
ஆமாம், சுடும், அதற்கு வேறு சொல் இல்லை.
குளிர் மேலே ஏறாதிருக்கச் சாக்குப் போடுகிறவனிடம்
குளிரையே சட்டையாகத் தைத்து எடுத்துக்கொண்டு
நிற்கிறாள் ஒருத்தி.

முதல் தடவை உப்புத் தண்ணீர்த் தொட்டியிலேயே இறக்கிவிட்டேன்.
பாறையாகிவிட்டது.
போட்டுப் பார்த்தவள் தோள்பட்டையில்
ரூபாய்க் காசளவுக்கு இரண்டு சிவப்பு.
மறுநாள் பார்களுக்கு நடுவே சாக்கில் சுற்றி வைத்தேன்.
அதுதான் பதம்.

மே மாசம் மூன்றாம் ஞாயிறு,
அரிச்சல்முனைச் சாலை.
ஆறு மணிக்கு விசில் என்றார்கள்.
ஐந்து நாற்பதுக்கு மாட்டிக்கொண்டாள்.
சிறப்பு விருந்தினர் வரவில்லை.
ஆறரை. ஏழு.
கொடியசைக்க வேண்டிய கை
ராமநாதபுரத்தில் இன்னும் கழுவப்படவில்லையாம், இட்லி.
இரண்டு பக்கமும் கடல், நடுவே இளகும் தார்.
சட்டை வியர்த்தது,
அவளுக்கு முன்பே.

என் மீன்பெட்டியில் இன்னொரு செட் இருந்தது,
நொறுக்கின ஐஸும் கல்லுப்பும் போட்டு மூடியது.
யாரும் சொல்லித் தரவில்லை,
நண்டுக்குச் செய்வதுதான்.
கார் வருகிற புழுதி தெரிந்ததும் மாற்றினேன்.
"நண்டு நாத்தம்ணே" என்றாள்.
கழற்றவில்லை.

எட்டேகாலுக்கு விசில்.
சட்டையை உருவி என்மேல் எறிந்துவிட்டு
இடுப்பை அங்கும் இங்கும் வெட்டிக்கொண்டு போனாள்.
சுற்றுக்கு ஒரு தரம் கழுத்துக்கு ஈரத்துண்டு,
தொப்பிக்குள் ஒரு கை ஐஸ்.
பதினாலாவது கிலோமீட்டரில் முகம் மாறியது.
பார் பிளக்கும் முன் நடுவில்
வெள்ளையாய் ஒரு கோடு ஓடும்,
அது அவள் உதட்டைச் சுற்றி ஓடியது.
வாங்கிய குளிர் தீர்ந்துபோச்சு.

கம்பெனியில் ஐம்பது ஏற்றினால்
படகுக்குப் போய்ச் சேருவது நாற்பத்தாறு.
மீதி நாலை யாரும் கேட்பதில்லை.
'கழிவு போக' என்று எழுதி நோட்டை மூடுவார்கள்.
எங்கே போகிறது அந்த நாலு?
பாதி என் முதுகில். மீதி ரோட்டில்.
அன்றைக்கு
விருந்தினர் வராத இரண்டேகால் மணி நேரத்தில்.

நாலாவதாக வந்தாள்.
மெடல் மூன்று பேருக்கு.
அவர் எப்போதோ போய்விட்டார்,
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஏசியோடு.

பந்தலில் மல்லாந்து கிடந்து
கண் திறக்காமலே கேட்டாள்:
"சட்டையில மிச்சம் ஏதும் இருக்காண்ணே?"
அப்போதுதான் பார்த்தேன்,
அதை நான் போட்டிருந்தேன்.
எப்போது மாட்டினேனோ தெரியாது.
பாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று.
நெஞ்சுக்கு நேராக ஒன்று மட்டும்
கொஞ்சம் கெட்டியாக.
உருவி அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

திங்கட்கிழமை திருப்பி அனுப்ப வேண்டும்.
இரண்டு தரம் சோப்புப் போட்டுவிட்டேன்.
நண்டு போகவில்லை.