சனிக்கிழமை வாடகை

நாக்கிவாலே முகாமில்
வெள்ளைக் கவுன் ஒன்றே ஒன்றுதான்.
அது என்னுடையது.

ம்பராரா சந்தையில் மூட்டை பிரித்த அன்று
குளிர்கோட்டுகளுக்கு அடியில் கிடந்தது.
எந்த ஊர்க்காரியோ
ஒரே நாள் உடுத்திவிட்டெறிந்தது.
கக்கத்தில் மட்டும் பழுப்பேறிய வியர்வை.
அறுபதாயிரம் ஷில்லிங் சொன்னான்,
முப்பத்தெட்டுக்கு முடித்தேன்,
இரண்டு மாதச் சோளத்தை விற்று.
அந்த இரண்டு மாதமும்
என் பிள்ளைகள் கவுனைப் பார்த்த பார்வையை
நான் கணக்கில் எழுதவில்லை.

வாடகை ஐயாயிரம்.
முன்பணம் இல்லாதவள்
ரேஷன் அட்டையை வைத்துவிட்டுப் போகலாம்.
ஒல்லியானவளுக்கு முதுகில் பதினொரு ஊக்கு.
பருத்தவளுக்குப் பின்பக்கம் மூடாது,
பூப்போட்ட துணியைப் போர்த்திவிட்டு
"திரும்பாமல் நில்லடி" என்பேன், போட்டோ முடியும்வரை.
குழாயடியில் முகம் பாராத
இரண்டு குடும்பத்துப் பெண்கள்
அடுத்தடுத்த சனிக்கிழமையில்
அதே கக்கத்தில் வியர்த்தார்கள்.

படிவத்தோடு வந்த அதிகாரி கேட்டார்:
நபிந்து, உன் தொழில் என்ன?
தையலா? இல்லை.
துணி வியாபாரமா? விற்கவில்லையே.
கட்டங்கள் தீர்ந்துபோயின.
கடைசியில் 'இதர' என்று குறித்துக்கொண்டார்.
இதரவுக்குக் கடன் கிடையாதாம்.

ஜூனில் ஜெனெரோஸ் எடுத்துப்போனாள்.
கல்யாணத்தன்று காலையில்
பட்டியல் ஒட்டினார்கள்,
அவள் வீட்டார் நான்கு பேரும் அதில்.
பத்து மணிக்குப் பேருந்து.
ஊக்கெல்லாம் கழற்ற நேரமில்லை,
வெள்ளைக் கவுனோடு ஏறினாள்,
விளிம்பில் செம்மண் அப்பியபடி.
மாப்பிள்ளை பெயர் பட்டியலில் இல்லை.

அவள் அட்டை என்னிடம்.
ஒரு மாதம் மாவு வந்தது,
வாங்கினேன். பிறகு ரத்து.

சனிக்கிழமை அவன் வந்து நின்றான்,
ஐயாயிரத்தை நீட்டினான்.
கவுன் இன்னும் அவள் மேல்தானே இருக்கிறது,
வாடகை ஓடும் இல்லையா என்றான்.
அடுத்த சனிக்கிழமையும் வந்தான்.
அதற்கடுத்ததும்.
பெரிய மனசு உள்ளவள் மறுத்திருப்பாள்.
நான் வாங்கி முந்தானையில் முடிந்தேன்,
வெள்ளை நூல் உருண்டை,
இரண்டு கொசுவலை,
யாரோ விற்ற தலையணை உறை என்று
ஒவ்வொன்றாய்ச் சேர்த்தேன்.

நான்காம் வாரம் அவனை வாசலில் நிறுத்தினேன்.
"அவள் உயரம் எதுவரை?
உன் தோளா, காதா?"
கொஞ்சம் யோசித்தான்.
உள்ளங்கையைத் தன் கழுத்தெலும்பில் வைத்து
"இங்கே" என்றான்.
கையை எடுக்க மறந்து நின்றான்.

அளந்தேன்.
நாலு விரல் கூட்டியே வெட்டினேன்.
அடுத்து வருபவள்
நெட்டையாக இருக்கலாம்.