எழுபது மில்லி

டார்ட்டுவில் பிப்ரவரி. ஆறு உறைந்து
நாய்கள் அதன்மேல் நடந்துபோகின்றன.
கீழ்த்தளத்தில் ஒரு சைக்கிள்,
எங்கும் போகாத சைக்கிள்.
அதன்மேல் நான்: எண் பதினேழு.
மற்ற நேரங்களில் லீவிகா,
கிழக்குக் கரைக்குத் தபால் கொண்டுபோகிறவள்.

எழுபது மில்லி. சின்னப் புட்டி.
ஈர மண்ணைப் பிழிந்து
போனால் போகிறதென்று சர்க்கரை போட்ட ருசி.
ஒரு வாரம் நைட்ரேட் உள்ள சாறு,
ஒரு வாரம் அதை மட்டும் வடித்தெடுத்த சாறு.
நிறம் ஒன்று, வாடை ஒன்று.
எது எதுவென்று எனக்கும் தெரியாது,
புட்டியை நீட்டும் மைலிஸுக்கும் தெரியாது.
தெரிந்தது ஓர் உறைக்கும்
அது கிடக்கும் இழுப்பறைக்கும்தான்.

பல் தேய்க்கலாம்; வாய் கொப்பளிக்கும் மருந்து கூடாது.
நாக்கின் பின்பக்கம் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான்
முதல் வேலையைச் செய்கின்றனவாம்.
இத்தனை வருடம் என் வாயில் இருந்துகொண்டு
ஒரு வார்த்தை சொன்னதில்லை அவை.
"ரத்தக்குழாய் தளரும்,
தசை ஆக்சிஜனைச் சிக்கனமாய்ச் செலவழிக்கும்,
அப்படித்தான் எதிர்பார்க்கிறோம்" என்றாள் மைலிஸ்.
சிக்கனம் என்றதும்
எனக்கு மாதக் கடைசி நினைவுக்கு வந்தது.

எண் பதினாறு, எண்ட்ரிக்.
படகு வலிப்பவன். கதவை அடைக்கும் தோள்.
இரவு இரண்டு மணிக்கு அவசர எண்ணுக்கு அழைத்திருக்கிறான்:
ரத்தம், ரத்தமாய்ப் போகிறது.
பீட்ரூட், என்றிருக்கிறாள் மைலிஸ் அரைத்தூக்கத்தில்,
ஒப்புதல் படிவம், நான்காம் பக்கம்.
மறுநாள் காத்திருக்கும் அறையில் அவனே இதைச் சொன்னபோது
பெண்கள் நாங்கள் மூவரும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலிருக்கப் பாடுபட்டோம்.
முடியவில்லை.
பன்னிரண்டு வயதிலிருந்து
சிவப்பைப் பார்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு
கணக்கு வகுப்புக்குத் திரும்பியவர்கள் நாங்கள்.

எங்களுக்கு மட்டும் கூடுதலாய் ஒரு தாள்.
கடைசியாக எப்போது, எத்தனை நாள், மாத்திரை உண்டா.
ஏன் என்று கேட்டேன்.
மேசையிலிருந்த பழைய ஆய்வுகளைத் தள்ளிவிட்டாள் என் பக்கம்.
ஆரோக்கியமான ஆண்கள் பத்துப் பேர்.
பயிற்சி பெற்ற ஆண்கள் எட்டுப் பேர்.
இளம் ஆண்கள், இளம் ஆண்கள்.
"உங்கள் மாதம் நகர்ந்துகொண்டே இருக்கிறது,
நகர்வதை அளக்கச் செலவாகும்" என்றாள்;
பிறகு, "நம் மாதம்" என்று திருத்தினாள்.
கடையில் அதே புட்டி
எல்லோருக்கும் ஒரே விலை.

இரண்டு முறை மிதித்தேன். முகமூடிக்குள்
என் மூச்சு எனக்கே அந்நியமாய் இரைந்தது.
தொடை எரிந்தது. சுவரில் ஈரக்கறை
ஒட்டகம்போல் இருந்தது, பிறகு இல்லை.

மே மாதம் பனி போய் ஆறு ஓடியது. உறையைத் திறந்தார்கள்.
ஆண்களின் கோடு லேசாக மேலே சாய்ந்தது.
பெண்களின் புள்ளிகள்
கை தவறிக் கொட்டிய கடுகு.
"எதுவும் உறுதியாகச் சொல்வதற்கில்லை,
நீங்கள் பதினொரு பேர்தான்" என்றாள் மைலிஸ்,
மன்னிப்புக் கேட்பதுபோல்.
என் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்:
நைட்ரேட் வாரத்தில் ஒன்பது விநாடி தாமதம்.
அந்த வாரம்
ரெய்மோவுக்குக் காய்ச்சல். அவன் தெருக்களையும் நான்தான் சுமந்தேன்,
பனிச்சகதியில், இரட்டைப் பையோடு.
அதற்கு எந்தத் தாளிலும் கட்டமில்லை.

இன்று அன்னெலின்னில் ஒரு பெட்டி.
ஐந்தாம் மாடி, லிஃப்ட் இல்லை.
உள்ளே கண்ணாடி கிணுங்குகிறது;
பக்கவாட்டில் சிவப்புக் கிழங்கின் படம்,
ஓடும் மனிதனின் நிழலுரு.
கதவைத் திறந்தவள் ஓட்டச் சப்பாத்தில் இருந்தாள்,
என் வயதுதான் இருக்கும்.
மூச்சு வாங்குகிறதே, தண்ணீர் வேண்டுமா என்றாள்.
வேண்டும் என்றேன்.
வேலை செய்யுமா இது, என்று பெட்டியைக் காட்டினாள்.
குடித்து முடிக்கும்வரை யோசித்தேன்.
"கனமாக இருக்கிறது" என்றேன்.
கையெழுத்திட்டாள்.