ஈறு

வசம்பு ஏதாச்சும் சுட்டுத் தடவினீங்களா, என்றேன்.
இல்லை என்றாள் பவுலினா.
தேன்? சர்க்கரைத் தண்ணி? ஊதா மருந்து?
பாலே இன்னும் ஊறல டாக்டர்.

நம்பினேன். ஆனாலும்
நனைத்த பஞ்சால் துடைத்துப் பார்ப்பதுதான் முறை.
பஞ்சு வெள்ளையாகவே வந்தது.

பிறந்து முப்பத்தொரு மணி நேரம்.
மேல் ஈறில், நடுவுக்குச் சற்று இடப்பக்கம்,
நாவற்பழத் தோலின் நிறத்தில் ஒரு சிறு மேடு.
கண்ணாடிச் சில்லை வைத்து அழுத்தினேன்.
வெறும் ரத்தக் கட்டென்றால் வெளிறும்.
வெளிறவில்லை.

டார்ச் பிடித்திருந்த ஆயாம்மா
‘திருஷ்டிப் பொட்ட உள்ளயே வெச்சு
அனுப்பிச்சிக்கிறாரு ஆண்டவரு’ என்றார்.
பக்கத்துக் கட்டில் சிரித்தது.
பவுலினாவும் சிரித்தாள், தையல் இழுக்க.
கேஸ் ஷீட்டில் அதையே எழுதிவிட
எனக்கும் ஆசைதான்.

பார்வையாளர் நேரம் முடிந்து
வாட்ச்மேனிடம் கெஞ்சி மேலே வந்தார் இருதயராஜ்.
எண்ணூரில் கரி லாரி ஓட்டுகிறவர்.
கதவைத் தாண்டாமல் நின்று
தன் நகக்கண்களைப் பார்த்தபடி கேட்டார்:
‘நான் ஏத்துற லோடால வந்துதா இது?’

இல்லை என்றேன்.
அன்றிரவு என்னிடம் உறுதியாக இருந்த
ஒரே பதில் அது.

மச்சமாக இருக்கலாம்.
முளைக்கிற பல்லை மூடிய நீர்ப்பையாக இருக்கலாம்.
அபூர்வமாய்,
வாரத்துக்கு வாரம் பெருத்துத் தாடையைத் தள்ளும்
அந்த இன்னொன்றாகவும் இருக்கலாம்.
அதன் பெயரை நான் வார்டுக்குள் சொல்வதில்லை.

ஸ்கேல் வைத்தேன். நான்கு மில்லிமீட்டர்.
படம் வரைந்து வட்டமிட்டேன்.
சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன், பல் டாக்டர்,
ஏழாம் நாள் திரும்ப அளக்க.
பவுலினாவிடம் கொடுக்கும் சீட்டில் மட்டும் தமிழ்.
‘மேல் ஈறு’ என்று எழுதியதும் பேனா நின்றது.
அந்தச் சொல்லுக்கு முடிவு என்றும் ஒரு பொருள்.
அடித்துவிட்டு ‘வாய்’ என்று எழுதினேன்.

ராயபுரத்துக்கு அப்பால் கப்பல் ஒன்று ஊதியது.
பிள்ளை கொட்டாவி விட்டான்,
நான்கு மில்லிமீட்டரும் தெரிய.
பிறகு முகத்தால் தேடித்தேடிக் கவ்விக்கொண்டான்.
‘பால் எறங்கிடுச்சு போலக்கீது’ என்றாள்,
என்னிடம் அல்ல.

அடுத்த கட்டிலுக்குப் போனேன்.
கோட்டுப் பைக்குள் டார்ச்
அணைக்கப்படாமல் எரிந்துகொண்டிருந்ததை
அங்கேதான் யாரோ சொன்னார்கள்.