சாட்சித் திட்டு

டேப்பின் வளையம் என் கையில்.
மறுமுனையில் ஓவர்சியர் நாதமுனி.
"கரையிலே வைக்காதே, ஒரு சாண் உள்ளே தள்ளிப் பிடி"
என்று முதல் நாளே சொல்லியிருந்தார்,
வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பதுபோல.

பூலாம்பட்டிக்குத் தெற்கே வாய்க்கால் வெட்டு.
நூறு கனஅடிக்கு ஒன்றே முக்கால் ரூபாய்.
அவன் வெட்ட, அவள் சுமக்க,
இருவருக்கும் சேர்த்து ஏட்டில் ஒரு பெயர்,
அவன் பெயர்.
கம்பும் கருவாடும் காண்ட்ராக்டர் கடையில்தான்.
மதுவிலக்கு ஜில்லா என்பதால்
சாராயத்தைப் பருப்பு என்று எழுதுவேன்.
சில ஆட்கள் வாரத்துக்கு
ஒன்பது படி பருப்பு தின்றார்கள்.

ஒவ்வொரு குழி நடுவிலும்
ஒரு மண்திட்டை வெட்டாமல் விடுவார்கள்.
தரை முன்பு எந்த உயரத்தில் இருந்தது என்று
அதுதான் சொல்லும்.
தலையில் பழைய அறுகம்புல், ஒரு எறும்புப் புற்று,
எதற்கும் சம்பந்தமில்லாததுபோல.
அளவு முடிந்ததும் அதையும் வெட்டிப் போட்டுவிடுவார்கள்.

திப்பன் மாசியில் காய்ச்சலில் போனான்.
மூன்றாம் நாள் பொம்மக்கா
கூடையோடு அவன் கடப்பாரையையும் எடுத்து வந்தாள்.
பெயரை அடித்தால் பெண் பெயர் எழுதவேண்டும்,
பெண்ணுக்கு ரேட் வேறு.
அதனால் திப்பன் சாகவில்லை.
என் கையெழுத்தில் இன்னும் ஐந்து வாரம்
மண் வெட்டினான்.

அளவு நாளன்று
அவள் குழியிலிருந்து ஏறி வந்தாள்.
என் முஷ்டியைப் பிரித்து வளையத்தை எடுத்தாள்.
கரை விளிம்பில் வைத்து
குதிகாலால் மிதித்துக்கொண்டாள்.
"இங்க" என்றாள்.

ஒரு சாண்,
அகலம் பத்தடி, ஆழம் நாலடி.
முப்பது கனஅடி.
எனக்கு மனக்கணக்கு வரும்,
எட்டணாவுக்குக் கொஞ்சம் மேலே.
நாதமுனி பழைய அளவையே எழுதினார்.

அவள் திட்டை வெட்டவில்லை.
அதன் நிழலில் உட்கார்ந்து
பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.
மறுநாள் பக்கத்துக் குழி ஒப்பிலியும் வெட்டவில்லை.
அப்புறம் நாராயணியும் அவள் புருஷனும்.
பதினோராம் நாள் ஜீப்பில் வந்த இன்ஜினியர் பார்த்தபோது
வாய்க்கால் நெடுக
அரை மைலுக்குத் திட்டுகள்,
புல்முடியோடு, பேசாமல்,
பஞ்சாயத்துக்குக் கூடியவர்கள் மாதிரி.
தண்ணீர் விடத் தேதி குறித்தாகிவிட்டது.

எட்டணா கொடுத்தார்கள்.
திப்பன் பெயரில்தான்.
ரேகை அவளுடையது.

நாணயத்தை முந்தானையில் முடிந்துகொண்டே
"இதுக்கு முந்தின குழிங்க?" என்றாள்.

பதினேழு குழி.
எல்லாத் திட்டையும் அவர்களே வெட்டிச் சுமந்து
கரையில் கொட்டியிருந்தார்கள்.

"அதுக்கெல்லாம் சாட்சி எங்கே?"
என்றார் நாதமுனி.

நான் டேப்பை ஈரத்துணியால் துடைத்து
மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.